சிறிய கூடத்துக்குள் ஒரு போக்கர் மேசை: கிருஷ்ணகிரியில் குறைந்த செலவில் செய்த அனுபவம்

போக்கர் என்னும் சீட்டாட்டத்துக்கென்றே விற்கப்படும் முட்டை வடிவ மேசைகள் பொதுவாக 8 அடி நீளமும் மூன்றரை அடிக்கு மேற்பட்ட அகலமும் கொண்டவை. ஒன்பது பத்துப் பேர் சுற்றி அமர்வதற்காக வடிவமைக்கப்பட்டவை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி போர்ஷனின் கூடமோ 10-க்கு 10 அடிதான். ஒரு சுவரோரம் தொலைக்காட்சி ஸ்டாண்டு ஓர் அடியை எடுத்துக்கொள்கிறது. மாடிப்படி நடுவில் ஒருமுறை திரும்புகிறது. உள்ளறைக் கதவின் அகலம் இரண்டரை அடி. இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டபோதே ஒன்று தெளிவாயிற்று: இப்படிப்பட்ட வீட்டுக்கு வேண்டியது ஒரு மேசை முழுவதும் இல்லை, ஆட்டம் நடக்கும் நேரத்தில் மட்டும் விரித்துப் பிறகு கட்டிலுக்கடியில் தள்ளிவிடக்கூடிய மேற்பலகை மட்டுமே. கால்கள், சட்டம், இழுப்பறை ஆகியவற்றுக்குச் செலவிட நினைக்கும் பணத்தை விரிப்புத் துணிக்கும் கை ஊன்றும் மெத்தை விளிம்புக்கும் திருப்பிவிட்டால், குறைந்த செலவிலேயே நிறைவான மேசை கிடைக்கும். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

எங்கள் நண்பர் குழுவில் பெரும்பாலோர் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். கைபேசியில் பணம் கட்டி ரம்மியும் போக்கரும் ஆடிக் கடனாளியானவர்களை ஓசூரிலும் தருமபுரியிலும் அறியாதவர் குறைவு. தமிழ்நாட்டில் இதற்கெதிராக 2022-ல் அவசரச் சட்டமும் தொடர்ந்து 2023-ல் முழுமையான சட்டமும் வந்தன. அதே 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த விளையாட்டுகள் என்று கூறி அவற்றை அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்த விவாதம் எப்படிப் போனாலும், முகம் பார்த்து, பணமே இல்லாமல், அதற்குப் பதிலான வட்ட வில்லைகளை மட்டும் வைத்து ஆடினால் போக்கர் எவ்வளவு அழகான கணக்கு விளையாட்டு என்பதை நண்பர்கள் உணர வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். எங்கள் வீட்டு மேசையில் ஒரு ரூபாய்கூட வைக்கப்படுவதில்லை. எல்லாருக்கும் சம எண்ணிக்கையில் வில்லைகள் கொடுக்கப்படும். தீர்ந்தவர் அடுத்த ஆட்டம் வரை சீட்டு கலைத்துப் போடும் வேலையை ஏற்றுக்கொள்வார். வீட்டில் பெரியவர்களின் சம்மதம் கிடைத்ததும், வீட்டு உரிமையாளர் முகம் சுளிக்காததும் இந்த ஒழுங்கால்தான்.

இனி அளவுகளுக்கு வருகிறேன். இந்த வேலையில் மிகுதியாக யோசிக்க வேண்டிய பகுதி இதுவே. ஒருவர் முழங்கை இடிக்காமல் வசதியாக உட்கார மேசை விளிம்பில் ஏறத்தாழ 2 அடி வேண்டும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க விளிம்பிலிருந்து இரண்டரை அடி வேண்டும். 4 அடி அகல மேசைக்கு இருபுறமும் இரண்டரை அடி சேர்த்தால் 9 அடி ஆகிறது. எங்கள் கூடத்தில் தொலைக்காட்சி ஸ்டாண்டு போக மீதமிருப்பதும் 9 அடிதான். ஆகவே 4 அடிக்கு மேல் போக வழியில்லை. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது ஆட்டத்துக்கு வேண்டிய பரப்பு. போக்கர் அளவுச் சீட்டு இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டது. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் வைக்கப்படும் ஐந்து சீட்டுகளும் இடைவெளியுடன் சேர்ந்து 15 அங்குலம் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொருவர் முன்னும் இரண்டு சீட்டுகளுக்கும் வில்லை அடுக்குகளுக்கும் 8 அங்குல ஆழம் போதும். சுற்றிலும் 4 அங்குல மெத்தை விளிம்பு கொடுத்தாலும் 4 அடி மேசையின் உட்பரப்பு 40 அங்குலம் இருக்கும் என்பதால் ஆறு பேருக்கு இது தாராளமாகவே அமைகிறது. உட்கார்ந்தவாறே நடுப்பகுதிக்குக் கை எட்டுவதும் முக்கியம். விளிம்பிலிருந்து மையம் 2 அடி தூரம் என்பதால் உயரம் குறைந்தவர்களும் எழுந்து நிற்காமல் வில்லைகளை முன்னே தள்ள முடிகிறது.

வட்டமா, எண்கோணமா என்ற கேள்விக்கு எண்கோணத்தையே பரிந்துரைப்பேன். வட்டத்தில் மெத்தை விளிம்பை வளைத்து வெட்டப் பலகை மிகுதியாக வீணாகும். வளைந்த விளிம்பில் ரெக்சின் சுருக்கமின்றி அமைவதும் கடினம். எண்கோணத்தில் எல்லாமே நேர்க்கோட்டு வெட்டுகள். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. 4-க்கு 4 அடிச் சதுரத்தை நடுவில் இரண்டாகப் பிளந்தால், அந்தப் பிளவு எண்கோணத்தின் எதிரெதிரான இரண்டு பக்கங்களின் நடுவில் விழும். அந்த இரண்டு பக்கங்களில் யாரையும் அமர்த்தாமல் விட்டுவிட்டால், மீதமுள்ள ஆறு பக்கங்களில் ஆறு பேர் அமரலாம். இணைப்புக் கோடு எவருடைய கைக்கு நேராகவும் வராது. ஒரு பக்கத்தின் நீளம் 20 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், காலியாக இருக்கும் பக்கங்களின் இடத்தை அடுத்தடுத்து அமர்பவர்கள் பகிர்ந்துகொள்வதால் நெருக்கடி தெரிவதில்லை.

எண்கோணத்தைக் குறிக்கும் முறையை எனக்குக் காட்டியவர் எங்கள் தெருவில் கதவு நிலை செய்யும் ஆசாரி. சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் சுண்ணாம்பு நூலால் அடித்து மையத்தைக் கண்டுகொள்ள வேண்டும். ஒரு மூலையிலிருந்து மையம் வரையுள்ள தூரத்தை நூலால் அளந்து, அதே நூலை அந்த மூலையில் பிடித்தபடி இரண்டு பக்க விளிம்புகளிலும் குறி போட வேண்டும். நான்கு மூலைகளிலும் இதைச் செய்தால் எட்டுக் குறிகள் கிடைக்கும். அவற்றை மூலைகளுக்குக் குறுக்கே இணைத்தால் எண்கோணம் அமைந்துவிடும். 48 அங்குலச் சதுரத்தில் ஒவ்வொரு மூலைக்கும் அதை அடுத்துள்ள குறிக்கும் இடையிலான தூரம் 14 அங்குலத்துக்கு அரை நூல் கூடுதல் (ஆசாரிகள் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). எண்கோணத்தின் பக்கம் 20 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. ரம்பம் ஓடும் வழியில் ஒரு நூல் வரை பலகை தூளாகிப் போகும் என்பதால், முதலில் சதுரத்தை இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் நெருக்கி வைத்து, அதன் பிறகே எண்கோணத்தைக் குறிக்க வேண்டும். வரிசை மாறினால் பிளவு விழும் இரண்டு பக்கங்களும் ஒரு நூல் வரை குட்டையாகிவிடும்.

பலகையாக 8-க்கு 4 அடி பிளைவுட் ஷீட் ஒன்று வாங்கிக் கடையிலேயே குறுக்காக இரண்டு சதுரங்களாக அறுத்துக்கொண்டேன். நான் முதலில் கேட்டது 18 மி.மீ. தடிமன். அதைக் கேள்விப்பட்ட ஆசாரி, “இதுக்கு எதுக்குங்க ஆறு நூல் பலகை? நாலு நூல் போதும், நடுவுல ரீப்பர் கொடுத்துட்டா அசையாது” என்றார். அவர் சொன்னதில் இரண்டு நன்மைகள் இருந்தன. 12 மி.மீ. பலகையின் விலை குறைவு. எடையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. மெத்தை விளிம்பு, ரீப்பர் என்னும் மரச்சட்டம் எல்லாம் சேர்ந்த பிறகும் எங்கள் மேற்பலகையின் ஒவ்வொரு பாதியும் 7 கிலோ அளவிலேயே இருப்பதால் ஒருவரே தூக்கி விரிக்க முடிகிறது. வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் மேசைக்கு எம்.ஆர். தரப் பிளைவுட் போதும், நீர்புகாத பி.டபிள்யூ.பி. தரத்துக்கு விலை கூடுதல், இங்கே அது தேவையில்லை. ஆனால் எம்.ஆர். தரம் ஈரத்தைத் தாங்கும் என்பதற்கு நனைந்தாலும் கெடாது என்று பொருள் இல்லை. வெட்டிய விளிம்புகள் அனைத்திலும் அடிப்புறம் முழுவதிலும் வுட் பிரைமர் ஒரு கை பூசிவிடுவது அவசியம். மேற்புறத்தைப் பசையும் விரிப்பும் மூடிவிடும்; அடிப்புறத்தை வெறுமனே விட்டால், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும்.

ரீப்பருக்குச் சிலர் மாம்பழப் பெட்டிப் பலகைகளைப் பரிந்துரைத்தார்கள். மாங்கூழ்த் தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் மாமரப் பலகை மலிவாகக் கிடைப்பது இயல்பு. ஆனால் மாமரத்தை வண்டு எளிதில் துளைத்துவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் பூச்சி பிளைவுட்டுக்கும் கட்டிலுக்கும் பரவ வாய்ப்புண்டு. இரண்டே இரண்டு ரீப்பர்களுக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டாம் என்று, மரக்கடையில் நன்கு காய்ந்த 2-க்கு 1 அங்குல ரீப்பர்களை வாங்கினேன். இரு பாதிகளும் சேரும் விளிம்பில், ரீப்பரின் 2 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி பசையும் ஸ்குரூவும் கொண்டு பிணைக்க வேண்டும். அப்படி நிறுத்தினால்தான் பலகை நடுவில் தொய்வடையாது. பிறகு இரண்டு ரீப்பர்களையும் நெருக்கிக் கிளாம்ப் போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளையிட்டால் போல்ட்டு நேராக நுழையாது. மூன்று அங்குல போல்ட்டு மூன்றும், கையாலேயே திருகக்கூடிய விங் நட்டுகளும் போட்டால் ஸ்பேனர் தேடாமல் மேசையை இணைக்கவும் பிரிக்கவும் முடியும்.

தாங்கு கால்களுக்கு வெல்டிங் பட்டறையில் ஓர் அங்குலச் சதுரக் குழாயால் இரண்டு மடக்குக் குதிரைகள் (பலகையைத் தாங்கும் கால்சட்டங்கள்) செய்து வாங்கினேன். ஒவ்வொன்றின் நீளம் இரண்டரை அடி, உயரம் இருபத்தெட்டரை அங்குலம்; பலகை சேர்ந்தபின் ஆடும் பரப்பு 29 அங்குல உயரத்தில் நிற்கிறது. வழக்கமான பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை 17 அங்குல அளவில் இருப்பதால் தொடைக்கும் முழங்கைக்கும் அது சரியாகப் பொருந்துகிறது. இரு குதிரைகளுக்கும் இடையிலுள்ள தூரம் கவனிக்கப்பட வேண்டியது. அவற்றை நடுவுக்கு நெருக்கி வைத்தால், ஒருவர் விளிம்பில் கையை ஊன்றி எழுந்திருக்கும்போது மேற்பலகை மறுபுறம் தூக்கிக்கொள்ளும். இரண்டையும் 32 அங்குல இடைவெளியில் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது 8 அங்குலம் மட்டுமே. அப்போது மேசை கவிழும் அச்சம் வெகுவாகக் குறையும். அந்த இடத்திலேயே குதிரை நிற்கும்படி, பலகையின் அடிப்பக்கத்தில் குழாயின் இரு புறமும் சிறிய கட்டைகளை அடித்துவிட்டோம். கால்களின் நுனியில் ரப்பர் புஷ் மாட்டுவது கீழ் வீட்டுக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை. மாடியில் இரும்புக் கால் உரசும் ஓசை கீழே இருப்பவருக்குப் பெரிதாகக் கேட்கும். வீட்டில் நான்கு பேர் உண்ணும் சாப்பாட்டு மேசை இருப்பவர்கள் குதிரைகளே இல்லாமல், அதன்மேல் ஒரு கம்பளியை விரித்து, நடு ரீப்பரின் உயரத்துக்குச் சமமான கட்டைகளை இருபுறமும் வைத்து, இந்த மேற்பலகையைப் பொருத்திக்கொள்ளலாம். செலவில் கணிசமான பகுதி அப்போதே மிச்சமாகிவிடும்.

விரிப்புத் துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மேசையின் தரத்தை விரல்கள் உணர்வது இங்கேதான். பாயிலோ துண்டிலோ சீட்டாடிப் பழகிய நமக்கு, விரிப்பு எதுவானாலும் போதும் என்று தோன்றும். போக்கரில் அப்படி விட முடியாது. சீட்டுகளை வழங்குபவர் மேசையின் குறுக்கே அவற்றைச் சறுக்கி அனுப்புகிறார். பெறுபவர் தம் இரண்டு சீட்டுகளையும் மேசையிலிருந்து எடுக்காமல், ஓரத்தை மட்டும் விரலால் நிமிர்த்திப் பார்க்கிறார். சறுக்கவும் வேண்டும், ஓடிப்போய் விழவும் கூடாது. ஓரம் விரலுக்கு அகப்படவும் வேண்டும். இதற்கென்று வெளிநாடுகளில் நீரை உறிஞ்சாத, வழுவழுப்பான ஒரு வகைப் பாலியஸ்டர் துணி விற்கப்படுகிறது. அதை வரவழைக்கும் செலவு எங்கள் திட்டத்துக்குப் பொருந்தவில்லை. வெல்வெட் பார்வைக்கு அழகு, ஆனால் அதன் இழைமயிர் சீட்டைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஒரு சீட்டுக்கட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போய், துணியைக் கடை மேசையில் விரித்துச் சீட்டைச் சறுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை. கடைக்காரர்கள் இதை ஆர்வத்துடன் அனுமதித்தார்கள். அப்படிச் சோதித்ததில் மிகச் சிறப்பாக அமைந்தது பள்ளிச் சீருடைக்கு விற்கப்படும் அடர்பச்சை நிற டெரிகாட்டன் துணி. நெசவு நெருக்கமானது, மயிர் எழும்பாதது, துவைத்தாலும் சாயம் போகாதது. பேன்ட் துணிகள் 58 அங்குல அகலத்தில் வருவதால் 4 அடி நீளமுள்ள ஒவ்வொரு பாதியையும் மூடி அடிப்புறம் மடித்து அடிக்கப் போதிய துணி மிஞ்சுகிறது.

துணிக்கு அடியில் மெல்லிய மெத்தை இல்லையென்றால் சீட்டின் ஓரம் விரலுக்கு அகப்படாது; வில்லை விழும் ஓசையும் கடுமையாக இருக்கும். இதற்கு 4 மி.மீ. தடிமனுள்ள யோகா விரிப்பே எளிய தீர்வு. பொதுவாக 6 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள இந்த விரிப்பு, மேசையின் ஒரு பாதிக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. வரிவரியான பக்கம் கீழேயும் வழவழப்பான பக்கம் மேலேயும் வரும்படி ஒட்ட வேண்டும். 40 அங்குல உட்பரப்புக்கு மட்டும் அதை வெட்டிக்கொள்ள வேண்டும். மெத்தை விளிம்பின் அடியில் அது போய்விட்டால், ஸ்குரூவை இறுக்கும்போது விளிம்பு ஏற்ற இறக்கமாக அமரும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசையைப் பலகையிலும் விரிப்பிலும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, அதன் பின்னரே இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்த்த கணமே பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒரு விளிம்பிலிருந்து தொடங்கி உருட்டியவாறு பதிப்பது நல்லது. இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. சமையலறைக்கு அருகிலோ சாமி விளக்கு எரியும் இடத்திலோ இதைத் தடவவே கூடாது. மொட்டை மாடியில் நிழலான நேரத்தில் செய்வதே பாதுகாப்பு. பதித்த பிறகு பாரம் வைக்க எங்கள் ஊரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஓர் அடிச் சதுரமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு துண்டு சுமார் 5 கிலோ எடை இருக்கும். ஒரு பக்கம் மெருகேற்றப்பட்ட அத்தகைய துண்டுகளைப் பரப்பி ஓர் இரவு வைத்தால், எந்தக் கிளாம்பாலும் தர முடியாத சமமான அழுத்தம் கிடைக்கிறது.

துணியை இழுத்து அடிக்கும்போது இணைப்பு விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். அந்த விளிம்பில் துணியை இறுக்கமாக இழுத்தால் அடியிலுள்ள யோகா விரிப்பு நசுங்கி, இரு பாதிகளும் சேருமிடத்தில் ஒரு பள்ளம் ஏற்படும். சறுக்கி வரும் சீட்டு அதில் தட்டி நின்றுவிடும். எனவே அங்கே இழுக்காமல், துணியைச் சமமாகப் படியவைத்து முதலில் ஸ்டேப்லர் ஊசிகளை அடித்து முடிக்க வேண்டும். வேண்டிய இறுக்கத்தை எதிர்ப்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஓர் ஊசி, பிறகு மூலைகளை நோக்கி நகர்வது என்ற வரிசையில் சென்றால் சுருக்கம் விழுவதில்லை. 12 மி.மீ. பலகைக்கு 8 மி.மீ. ஊசிகள் போதுமானவை.

மெத்தை விளிம்புக்கான பலகையை ஷீட்டின் மற்றொரு சதுரத்திலிருந்து 4 அங்குலப் பட்டைகளாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் வெளிப்பக்கமும் எண்கோணத்தின் பக்க நீளம். இரு முனைகளும் 22.5 பாகை சாய்வில் வெட்டப்பட வேண்டும். ஒரு பாதிக்கு மூன்று முழுத் துண்டுகளும், இணைப்போரம் இரண்டு அரைத் துண்டுகளும் தேவைப்படும். நான்கு பட்டைகளிலிருந்து எட்டுத் துண்டுகள் எடுத்து, அவற்றில் இரண்டை நடுவில் அறுத்தால் கணக்கு முடிந்தது. சதுரத்தில் 16 அங்குலம் மட்டுமே செலவாகி, மீதியில் சமையலறைக்கு ஓர் அலமாரித் தட்டும் கிடைக்கிறது.

சேலம் சாலையும் பெங்களூரு சாலையும் சென்னைச் சாலையும் சந்திக்கும் ஊர் என்பதால், லாரி இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் பட்டறைகள் இங்கே பலவுண்டு. ரெக்சினும் ஃபோமும் வாங்கத் துணிக்கடையைவிட அங்கே செல்வதே மேல். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் அங்கே பாதி விலைக்குக் கிடைக்கின்றன, கூடவே தொழில் தெரிந்தவரின் ஆலோசனையும் கிடைக்கிறது. நான் மென்மையான பஞ்சைக் கையில் எடுத்தபோது அங்கிருந்த பாய், “அது வேணாம் சார், கொஞ்ச நாள்ல தட்டையாயிடும். நாப்பது டென்சிட்டி வாங்கிக்கோங்க, பத்து வருசத்துக்குக் கவலையில்ல” என்று தடுத்தார். அரை அங்குல ஃபோம் இரண்டு அடுக்காகப் போட்டோம். முழங்கையை ஊன்றும்போது உள்ளிருக்கும் பலகை தட்டுப்படவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடுபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ரெக்சினை இழுப்பதற்கு முன் மொட்டை மாடி வெயிலில் சற்று நேரம் விரித்து வைத்தால் அது இளகி, மூலைகளில் எளிதாகப் படியும். எண்கோணத்தின் உட்பக்க மூலைகளில் ரெக்சின் இழுபட்டு விறைக்காமல் இருக்க, மடிப்பின் அடியில் மறையும் பகுதியில் மட்டும் சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். வெட்டு பலகையின் விளிம்பைத் தாண்டி மேலே வந்துவிடக் கூடாது. உறை போட்ட விளிம்பைத் துணி விரித்த பலகையின் மேல் வைத்து, அடியிலிருந்து முக்கால் அங்குல ஸ்குரூக்களால் முடுக்குவதுதான் இந்த அமைப்பின் சிறப்பு. இரண்டு பலகைகளும் சேர்ந்து 24 மி.மீ.; ஸ்குரூ 19 மி.மீ. என்பதால் நுனி ஃபோமுக்குள் எட்டிப் பார்க்காது. துணி அழுக்கானாலோ கிழிந்தாலோ ஸ்குரூக்களைக் கழற்றி விளிம்பை எடுத்துவிட்டுப் புதிய துணி அடித்துக்கொள்ளலாம்.

விளிம்பில் டம்ளர் வைக்கத் துளை போடும் வழக்கம் ஒன்றுண்டு. 4 அங்குல அகல விளிம்பில் அதைச் செய்தால் பலகை அந்த இடத்தில் வலுவிழக்கும். கை ஊன்றும் இடமும் குறையும். காலியாக இருக்கும் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு முக்காலியை வைத்து, தேநீர் டம்ளர்களை அதில் மட்டும் வைப்பது என்ற ஏற்பாடே எங்களுக்கு ஒத்துவந்தது. மேசை மேல் தேநீர் ஏறாததால் துணியில் இன்றுவரை கறையில்லை.

வில்லைகள், சீட்டுகள் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பழைய கேரம் காய்களை நிறம் பிரித்து வைத்துக்கொண்டே தொடங்கலாம். காகிதச் சீட்டைவிட பிளாஸ்டிக் சீட்டு இந்தத் துணியில் நன்றாகச் சறுக்குகிறது, ஈரத் துணியால் துடைக்கவும் முடிகிறது. விளக்கு மட்டும் மேசைக்கு நேர் மேலே இருந்தால் நல்லது. சுவரோரக் குழல்விளக்கின் ஒளி சாய்வாக விழுந்தால், ஓரத்தை நிமிர்த்திப் பார்ப்பவரின் சீட்டு அவர் நிழலிலேயே மறைந்துவிடும்.

பிளைவுட், குதிரைகள், துணி, யோகா விரிப்பு இரண்டு, ஃபோம், ரெக்சின், பசை, ஸ்குரூ அனைத்தும் சேர்ந்து 5,000 ரூபாய்க்குள் அடங்கின. ஜிக்சா ரம்பமும் ஸ்டேப்லர் கன்னும் ஆசாரியிடம் இரவல் பெற்றவை. அவற்றை விலைக்கு வாங்கினால் கணக்கு மாறும். செலவைக் குறைக்க விரும்புபவர்கள் பிளைவுட் தரத்திலோ ஃபோமிலோ கை வைக்காமல், சாப்பாட்டு மேசையையே தாங்கியாகப் பயன்படுத்துவது நல்லது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பாதிகளையும் துணிப்பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்கி, இடையில் ஒரு பழைய போர்வையை விரித்துக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோம். மொத்த உயரம் 8 அங்குலம் வருகிறது. சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. நாளடைவில் 12 மி.மீ. பலகை வில்லாக வளைந்து, இணைப்பில் இரு பாதிகளும் பொருந்தாமல் போகும். படுக்க வைக்க இடமில்லாதவர்கள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் முற்றிலும் செங்குத்தாக நிறுத்தி வைக்கலாம். மழை மாதங்களில் அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றாட வைத்தால் துணியில் பூசண வாடை வராது.

எங்களுடையதைப் பார்த்த நண்பர் ஒருவர் ஓசூரில் தம் ஒற்றைப் படுக்கையறைக் குடியிருப்புக்கு இதைச் சிறிதாக்கிக் கேட்டார். அவருக்கு 42 அங்குலச் சதுரத்தில் குறித்துக் கொடுத்தோம்: மூலையிலிருந்து குறி 12 அங்குலமும் இரண்டரை நூலும், எண்கோணத்தின் பக்கம் 17 அங்குலமும் மூன்று நூலும், மெத்தை விளிம்பு 3 அங்குலம், உட்பரப்பு 36 அங்குலம். இதில் நான்கு பேர் நன்றாக ஆடலாம், ஐந்தாமவர் நெருங்கி அமரலாம். குதிரைகளின் இடைவெளியை மட்டும் 28 அங்குலமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் மேலே சொன்னபடியே.